தனித்தாளில் எழுதிய சொற்கள்

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ராஜபாண்டி எழுதுவது. நானும் பானுமதியும் நன்றாக இருக்கிறோம். நீ, அத்தான், விஜி மூவரும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரே ஊருக்குள் லேபர் கேம்பிலிருந்து சீத்தா கேம்புக்குத் தபால் போடும் கிறுக்கன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "அரே, பஸ் பகட்கே சலா ஜா நா" என்று சிரித்தார். பஸ் பிடித்துப் போகிறதை விட்டுவிட்டு எதற்கடா தபால் என்கிறார். அவருக்குத் தெரியுமா நான் என்ன திட்டத்தில் இருக்கிறேன் என்று.

விஷயம் இதுதான். சென்னைக் கம்பெனி ஒன்று கல்யாணப் பத்திரிகைகளுக்காகத் தமிழில் ஒரு புது எழுத்துரு செய்துதரச் சொல்லியிருக்கிறது. இங்கிலீஷ் பத்திரிகையில் எழுத்துகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு சாய்ந்து ஓடுமே, அதுபோல. தமிழில் இருப்பதெல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி தள்ளித் தள்ளி நிற்கிறது. ஒரு மாதம் வரைந்து வரைந்து பார்த்தேன். எல்லாம் வரைந்த மாதிரியே இருந்தது, எழுதின மாதிரி இல்லை. அப்புறம் பீரோவில் வேறு எதையோ தேடும்போது நீ அம்மாவுக்காக எழுதிப் போடாமல் விட்ட ஒரு இன்லேண்டு லெட்டர் கிடைத்தது. அக்கா, நான் தேடிக்கொண்டிருந்த எழுத்துரு நம் வீட்டு பீரோவிலேயே இருந்திருக்கிறது.

நீ பத்தாம் வகுப்பு படிக்கும்போது நம் சாலின் வரிசை வீடுகளில் உள்ள பெண்களெல்லாம் வரிசையில் நின்று கடிதம் எழுதச் சொல்வார்கள். அவர்கள் பேசுகிற வேகத்துக்குப் பேனாவை எடுத்து எடுத்து வைக்க உனக்கு நேரம் இருக்காது. ஒரு வார்த்தை முடியும்வரை பேனா தாளை விட்டு எழும்பாது. அந்த ஓட்டம்தான் எனக்கு வேண்டும். போனில் படம் எடுத்து அனுப்பினால் மையின் அழுத்தம் தெரியாது. ஆகையால் எனக்குக் கடிதம் எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது. ஸ்டாம்ப் ஒட்டி என் விலாசம் எழுதிய கவர்கள் இதனோடு வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். 

உன் தம்பி,
ராஜபாண்டி


சீத்தா கேம்ப்,
18 ஜூன் 2024

பிரியமுள்ள தம்பிக்கு,

அக்கா மாரிசெல்வி எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. நாங்கள் மூவரும் சுகம். பானுமதிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்ததில் அதை முதலில் எழுது.

தபால்காரர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் தெருவே எட்டிப் பார்த்தது. எதிர்வீட்டு பீவி அக்கா, "ஏட்டி, ஒனக்குக் கடுதாசி போட இந்தக் காலத்துல யாருட்டி இருக்கா" என்று கேட்டாள். தம்பி என்றதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

என் எழுத்தையா கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறாய்? பால்காரனுக்குக் கணக்கு எழுதுவதைத் தவிர இந்தக் கை ஒன்றும் எழுதிப் பல வருடம் ஆகிறது. அத்தானிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "எழுது எழுது. ஒந் தம்பி ஒன்னய ஒலகம் பூராம் கொண்டு போகப் போறாம்லா" என்றார். அவர் ஓட்டும் அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ்ஸில் வருகிற தமிழ் ஆபீசர்களிடம்கூடச் சொல்லிவிட்டாராம். நான் எழுதி முடித்ததும் படித்துப் பார்த்துவிட்டு அவரே ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பீவி அக்கா மகன் தௌசீப் ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போது பெட்டியில் போட்டுவிடுவான்.

விஜி ஏழாம் வகுப்பு. இங்கிலீஷ் மீடியம் என்பதால் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். நான் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கோலம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். நம் வீட்டுப் போட்மாலாவில், அந்த மேல் பரணில், இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டிதான் இருக்கிறதா? ஆள் ஏறிப் படுக்க இடம் இருக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

கவர்களைக் கொடுக்கவாவது ஒரு நாள் நேரில் வந்திருக்கலாம். நீ வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது.

அன்புடன் அக்கா


லேபர் கேம்ப்,
30 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

பானுமதிக்கு உடம்பு தேவலாம். ஐந்தாம் மாதம் நடக்கிறது. போதுமா? உங்கள் எல்லோர் சுகத்துக்கும் பதில் போடவும்.

உன் கடிதத்தை ஸ்கேன் செய்து சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ழ'வின் வாலை நீ கீழே விடாமல் அடுத்த எழுத்தின் காலாக ஆக்கிவிடுகிறாய். இதை எந்தப் பள்ளியும் சொல்லிக் கொடுக்காது. தாராவியில் பத்திரிகை அச்சடிக்கும் நாகூர் மீரான் பாயிடம் காட்டினேன். "பொம்பள கையில என்னா ஒரு நடை தம்பி, எம் மக நிக்காஹ் பத்திரிகய இதுலதான் அடிப்பேன்" என்று இப்போதே சொல்லிவிட்டார்.

ஆனால் கடிதத்தில் எப்போதும் அதே எழுத்துகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழுக்கு மொத்தமும் வேண்டும். ஐ, ஔ, ஞ, ணூ, ழு, ட்டு, ப்பா இப்படி ஒரு பட்டியல் பின்னால் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றும் வருகிற மாதிரி உனக்குத் தோன்றும் சொற்களைத் தனித்தாளில் எழுதி அனுப்பு. அர்த்தம் வேண்டாம், சொல் மட்டும் போதும்.

கம்ப்யூட்டர், ஸ்கேனர் எல்லாம் போட்மாலாவில்தான் வைத்திருக்கிறேன். குனிந்து உட்கார்ந்தே முதுகு போய்விட்டது.

ராஜபாண்டி


சீத்தா கேம்ப்,
21 ஜூலை 2024

பிரியமுள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். பானுமதியை வெயிட் தூக்கவிடாதே. குழாய்த் தண்ணீரை நீயே பிடி.

இங்கே மழை விடவில்லை. அத்தானுக்கு டியூட்டி கூடுதல். இந்தக் கடிதத்தையும் அவரே படித்துவிட்டு ஒட்டுவார். தனித்தாளை முன்பே பார்த்துவிட்டார். வெறும் சொல்தானே, ஸ்கூல் பிள்ளை இம்போசிஷன் மாதிரி இருக்கிறது என்று சிரித்துவிட்டு மடித்து உள்ளே வைத்தார். நீ கேட்ட எழுத்தெல்லாம் அதில் இருக்கிறதா என்று நிதானமாகப் பார்.

அன்புடன் அக்கா

(தனித்தாள்)

பூட்டு. தாழ்ப்பாள். வெளிப்பக்கம். சாவி. காலை ஐந்து. சட்டைப்பை. ஜன்னல். கம்பி. மிளகாய்ப்பொடி. வீக்கம். ஔடதம். மஞ்சள்பற்று. தொண்ணூறு நாள். பூட்டு. அழுகை. விஜி. மேசைக்கடியில். காதைப் பொத்தி. பூட்டு.


லேபர் கேம்ப்,
4 ஆகஸ்ட் 2024

அக்கா,

நலம். நலம்தானே? பட்டியல் கைக்கு வந்தது. 'ட்டு' அபாரம். மேலேறும் கோடு அப்படியே வளைந்து இறங்குகிறது. 'ஔ' கிடைத்துவிட்டது என்று பானுமதியிடம் கத்தினேன், அவள் என்னைப் பைத்தியம் என்றாள்.

'பூட்டு' மூன்று முறை வந்துவிட்டது. ஒரு முறை போதும் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். ஒரே எழுத்து கையில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறாகத்தான் விழும். அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று வடிவம் வைக்கிறேன். கம்ப்யூட்டர் மாற்றி மாற்றிப் போடும். மெஷின் எழுதியது என்று பெத்த தாய்க்கும் தெரியாது.

இன்னும் நாற்பது எழுத்து வேண்டும். பட்டியல் பின்னால். தை மாதக் கல்யாணங்களுக்கு முன்னால் கம்பெனி வெளியிட வேண்டும் என்கிறார்கள். நாள் நெருக்குகிறது. வீட்டுச் சாமானாகவே எழுதாமல் கொஞ்சம் வெளியுலகச் சொற்களும் எழுதேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். 

ராஜபாண்டி


சீத்தா கேம்ப்,
8 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. சோறு வடிக்கும்போது கஞ்சி கையில் கொட்டிவிட்டது. எழுத்து இழுத்துக்கொண்டு போகும். அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார், தம்பிக்கு எழுதினாயா எழுதினாயா என்று. மருந்தும் அவர்தான் வாங்கி வந்தார்.

வெளியுலகச் சொல் கேட்டிருந்தாய். எழுதியிருக்கிறேன்.

அன்புடன் அக்கா

(தனித்தாள்)

கழுத்து. கட்டில் விளிம்பு. கஞ்சி இல்லை. இஸ்திரிப்பெட்டி. ஞாபகமறதி. ஊமை. நஞ்சு. வேண்டாம். விஜிக்காக. மான்குர்டு. ஆட்டோ. சயான். லேபர் கேம்ப். போட்மாலா. ஓரமாய்ப் படுத்துக்கொள்வோம். ஞாயிறு. காலை ஆறு முதல் பத்து. அவர் டியூட்டி. பீவி வீட்டில் சுத்தியல். வண்டி. தம்பி. வா.


லேபர் கேம்ப்,
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

கைக்கு இப்போது எப்படி இருக்கிறது? புண் ஆறும்வரை தண்ணீரில் வைக்காதே. இங்கே எல்லோரும் சுகம்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கை வலியோடு நீ எழுதின 'கழுத்து' என்ற சொல்லில் 'ழு'வின் சுழி லேசாக நடுங்கியிருக்கிறது. முதலில் அதை நேராக்கப் பார்த்தேன். நேராக்கினால் உயிர் போய்விடுகிறது. அதனால் அந்த நடுக்கத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன். கம்பெனிக்காரர்கள் எல்லா எழுத்திலும் இதுதான் அழகு என்கிறார்கள்.

பதினொரு எழுத்துதான் பாக்கி. கடைசிப் பட்டியல். இதை மட்டும் எழுதி அனுப்பிவிட்டால் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

இந்த இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து வேலை செய்கிறேன். எங்கேயும் நகர முடியவில்லை. பானுமதிக்கு நவம்பரில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அவள் அம்மாவும் ஊரிலிருந்து வந்துவிட்டார். பத்துக்குப் பதினைந்து அறையில் நாங்கள் எப்படிப் படுக்கிறோம் என்று நீயே யோசித்துப் பார். எல்லாம் தைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ராஜபாண்டி


லேபர் கேம்ப்,
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

ஒன்பது வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தீபாவளிக்கு அத்தான் போனுக்கு அழைத்தேன். நீ தூங்குகிறாய் என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

இரண்டு நல்ல செய்தி. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம். இன்னொன்று, எழுத்துரு முடிந்துவிட்டது. பாக்கிப் பதினொன்றையும் உன் பழைய எழுத்துகளை வெட்டி ஒட்டி நானே செய்துவிட்டேன். பெயர் என்ன தெரியுமா? 'செல்வி'. நாகூர் மீரான் பாய் அச்சடித்த முதல் பத்திரிகையை இதனோடு வைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும், யாரோ உட்கார்ந்து ஐந்நூறு பத்திரிகையும் கையால் எழுதியிருக்கிறார்கள் என்றார்களாம். 'நல்லதொரு முழுமதி நாளில்' என்று ஒரு வரி வரும் பார், அதில் உன் 'ழு' இருக்கிறது.

அத்தானுக்கும் காட்டு. சந்தோஷப்படுவார்.

ராஜபாண்டி


சீத்தா கேம்ப்,
17 நவம்பர் 2024

தம்பி ராஜபாண்டிக்கு பீவி அக்கா சொல்லுறது. எனக்கு எழுத வராது. தௌசீப் போன்ல நான் பேசப் பேச அது எழுதுது, அவன் கடையில அச்செடுத்துத் தாரான். நீங்க, ஒங்க சம்சாரம் எல்லாரும் நல்லாயிருக்கணும்.

ஒங்க அக்கா இப்ப எங்க வீட்டுலதான் இருக்கா. பயப்படாதீங்க, உசுருக்கு ஒண்ணுமில்ல. வலது கைதான் போயிட்டு. நாலு வெரலும் மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

நடந்தது போன மாசம் இருபதாம் தேதி. நீங்க கேட்டீங்கன்னு அவ அந்தத் துண்டுத்தாள்ல எழுதிக்கிட்டு இருந்திருக்கா. மொதத் தாளப் பாத்து சிரிச்சதோட சரி, பொறவு அவரு அதப் பிரிச்சுப் படிச்சதே இல்லயாம். ஒங்க மச்சான் பிரம்மநாயகம் பஸ்ல வார ஆபீசருமாருக்கு அவ எழுத்தக் காட்டணும்னு அந்தத் தாளக் கேட்டிருக்காரு. அவ குடுக்கல. புடுங்கிப் படிச்சிருக்காரு. சத்தம் போட்டுப் படிச்சாரு, எனக்கு இங்க கேக்குது. ஒவ்வொரு சொல்லா நிறுத்தி நிறுத்தி. பொறவு வாசல் இரும்புக்கதவ ரெண்டு தடவ அடச்ச சத்தம். அவ கை நடுவுல இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில அவரு பக்கத்துலயே நின்னாரு. ஏணியில இருந்து விழுந்தேன்னு அவளே சொன்னா. வேற என்ன சொல்லுவா. பதினஞ்சாம் தேதி அவரு டியூட்டிக்குப் போனதும் தௌசீப்தான் பூட்ட ஒடச்சு அவளயும் பிள்ளையயும் இங்க கூட்டியாந்தான்.

ஒங்க கல்யாணப் பத்திரிகையும் கடுதாசியும் வந்துச்சு. வாசிச்சா. அந்தப் பத்திரிகய எடுத்து விஜி கையில குடுத்தா, அவ்வளவுதான்.

நீங்க வரணும் தம்பி. ஒரு பஸ்தானே.

பீவி


லேபர் கேம்ப்,
1 டிசம்பர் 2024

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. தௌசீப் எண்ணுக்கு நான்கு தடவை அழைத்தேன். நீ போனை வாங்க மாட்டேன் என்றதாக அவன் சொன்னான்.

ஒரு பொய்யை இனிமேலும் வைத்திருக்க முடியாது. எழுத்தை மட்டும் பார்த்தேன், சொல்லைப் படிக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அப்படி நினைத்தால் எனக்குச் சௌகரியம். ஆனால் நான் படித்தேன் அக்கா. முதல் பட்டியலிலேயே புரிந்துவிட்டது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் பானுமதியிடம் சொன்னேன். அவள், "மதினியக் கூட்டிட்டு வாங்க, எங்கயாவது சுருண்டுக்கலாம்" என்றுதான் சொன்னாள். வரவேண்டாம் என்று முடிவு செய்தது நான். நாற்பது எழுத்து பாக்கி இருந்தது. நீ அங்கிருந்து வந்துவிட்டால், எனக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியமே உனக்கு இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால் அதே ஓட்டம் வருமா என்று யோசித்தேன். இப்படியும் ஒருவன் யோசிப்பானா என்று கேட்பாய். யோசித்தேன். செப்டம்பரில் ஞாயிறு என்ற சொல்லைப் படித்தபோது அதன் 'ஞா' நன்றாக வந்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. அதற்காக என்னை நீ என்ன செய்தாலும் தகும்.

இனிமேல் செய்ய வேண்டியதைச் செய்கிறேன். பீவி அக்கா சொன்னதையும், உன் பட்டியல்களில் இருந்ததையும் சேர்த்துப் போலீசுக்கு நான்கு பக்கப் புகார் தயார் செய்திருக்கிறேன். மராத்தி மொழிபெயர்ப்பு பின்னால் இருக்கிறது. தமிழில் இருப்பதை 'செல்வி' எழுத்திலேயே அடித்தேன். வேறு எந்த எழுத்தில் அடித்தாலும் அது யாரோ சொன்ன மாதிரி இருந்தது. இதில் அடித்ததும் நீயே பேசுகிற மாதிரி இருந்தது. உன் கை போனாலும் உன் எழுத்து போகவில்லை அக்கா. கீழே இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து, தௌசீப்பைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனில் கொடு.

நானே வந்திருப்பேன். எழுத்துரு பற்றிப் பேச நாளை மறுநாள் பெங்களூருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முன்பே ஒப்புக்கொண்டது. இருபதாம் தேதிக்குள் திரும்பிவிடுவேன். வந்ததும் உன்னையும் விஜியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். போட்மாலாவைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கூசுகிறது. 

ராஜபாண்டி


சீத்தா கேம்ப்,
7 ஜனவரி 2025

தம்பி,

இடது கையால் எழுதுகிறேன். நான்கு நாள் ஆயிற்று. குழந்தை சுகமா? பெயர் வைத்தாயா?

ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே யாருக்கும் தமிழ் படிக்க வராது. அதிகாரி மராத்தித் தாள்களைச் சும்மா புரட்டிவிட்டுத் தமிழ்த் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "க்யா மஸ்த் ஹேண்ட்ரைட்டிங் ஹை", என்ன அருமையான கையெழுத்து என்றார். விஜி அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் பிளாஸ்டர் போட்ட என் கையைப் பார்க்கவே இல்லை. தாளைத்தான் காட்டினார். "சாப், இது எம் பொண்டாட்டி எழுத்து. எல்லாருக்கும் தெரியும். நாலு பக்கம் எழுதியிருக்கா. ஒடஞ்ச கை எழுதுமா?" என்று கேட்டார். நான் எழுதின பால் கணக்கு நோட்டையும், பஸ்ஸில் யாரோ கொடுத்த அதே எழுத்துக் கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்.

தௌசீப், அது கம்ப்யூட்டர் என்றான். அப்படியானால் இது இவள் எழுதின புகாரே இல்லையே, யாரோ அடித்ததுதானே என்றார்கள். இவ்வளவு அழகாக எழுதுகிறவள் எதற்குக் கைநாட்டு வைத்தாள் என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏணி என்று இருந்தது. குடும்ப விஷயம், சமாதானமாகப் போங்கள் என்றார்கள். பெண் போலீஸ் ஒருத்தி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நீ இருபதாம் தேதி என்று எழுதியிருந்தாய். காத்திருந்தேன். இருபத்து மூன்றாம் தேதி அவர் ஆட்களோடு தௌசீப் கடைக்கு வந்தார். ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பீவி அக்கா போகாதே என்று அழுதாள். அவள் பிள்ளைக்கு என்னால் ஒன்று ஆகக்கூடாது. விஜியைக் கூட்டிக்கொண்டு நானே திரும்பி வந்துவிட்டேன்.

இங்கே பூட்டு புதிது. பெரியது. எதிர்வீட்டில் யாரிடமும் பேசக்கூடாது. விஜி ஸ்கூல் பையில் வைத்து இதைக் கொண்டுபோவாள். கவரில் விலாசம் அவள் இங்கிலீஷில் எழுதுவாள்.

நேற்று அவர் பஸ் ஆபீசர் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. என் எழுத்து. அவர் எல்லோருக்கும் காட்டினார். முழுமனதோடு என்று ஓர் இடத்தில் இருந்தது. அந்த எழுத்து நடுங்கியது. இஸ்திரிப்பெட்டி வைத்த அன்று எழுதினது. இனி எத்தனை கல்யாணத்தில் அது வரும் என்று கணக்குப் பார்த்தேன்.

நீ படித்தேன் என்று எழுதினாய். அதைப் படித்த அன்றுதான் எனக்கு நிஜமாகவே வலித்தது. கதவில் அடிபட்டபோதுகூட அவ்வளவு இல்லை. தம்பிக்குப் புரியவில்லை, புரிந்தால் ஓடி வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தது நன்றாக இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டாய்.

உன்னை என்ன செய்வது என்று யோசிக்க எனக்கு நேரம் இல்லை. விஜி இருக்கிறாள்.

இந்த எழுத்தைப் பார். ஒன்றும் சேரவில்லை. கோணல். 'ழு' சரியாகப் போடவே வரவில்லை. இதில் நீ எடுத்துக்கொள்ள எதுவும் கிடையாது. 

ஞாயிறு. காலை ஆறு. சுத்தியல். வண்டி. துணைக்கு ஆள் இரண்டு பேர். 

தம்பி. வா.